காவடிக்கு நடை கொடுத்த பாட்டு

திருவிழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு ஆலய நிர்வாகக் குழுவினர் ஆண்டுதோறும் பணிப்பதும், அரசுப் பணியின் நெருக்கடியைக் காரணம் காட்டி அடியேன் நாள் கடத்துவதும் வழக்கமாகிவிட்டன. இவ்வாண்டு எழுதியே தீர வேண்டிய ஒரு காரணம் நேர்ந்தது. சென்ற திருவிழாவிற்கு முன் கூடிய குழுக் கூட்டத்தில், காவடிகளுக்கு உறுமி மேளம் வேண்டுமா, வேண்டாவா என்பது பற்றி நெடுநேரம் விவாதம் நடந்ததை உறுப்பினர் பலரும் அறிவர். நாதஸ்வரமும் தவிலும் போதும், உறுமிக் குழுக்களை அனுமதிக்கலாகாது என்று எழுந்து பேசியவர்களுள் நானும் ஒருவன். இளைஞர்கள் பாடுபவை புதுப் பாட்டுகள், அவை நம் மரபைச் சேர்ந்தவையல்ல என்பது எங்கள் வாதம். அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர், “அப்படியானால் மரபான காவடிப் பாட்டு எது? அதை யார் பாடினார்? அது புதிதாக இருந்த காலம் ஒன்று இருந்திருக்கும் அல்லவா, தம்பி?” என்று அமைதியாகக் கேட்டார். எனக்கு விடை கூற இயலவில்லை. அக்கேள்வியின் பின்னே சென்றபோது கண்டவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

சென்னிகுளத்துக் கவிராயர்

காவடிப் பாட்டைப் பற்றிப் பேசப் புகுந்தால் முதலில் நினைவுகூர வேண்டியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் ஆவார். சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளம், அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலும் இன்று தென்காசி மாவட்டத்திலும் அடங்கிய சிற்றூர். அவ்வூரில் 1865ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்தில் ரெட்டியார் பிறந்தார். ஏரிலும் வயலிலும் மனம் பற்றாமல் ஏட்டிலேயே பற்றியதால், தமிழ் கற்க விரும்பித் திருவாவடுதுறை ஆதீனம் வரை சென்றார். ஆதீனத்தில் அவர் பயின்றதைத் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் குறித்துள்ளார். பின்னர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவைப் பெற்று, வீரகேரளம்புதூர் அரண்மனையில் புலவராக அமர்ந்தார். அந்தாதி, பதிகம், மும்மணிக்கோவை என்று அக்காலப் புலவர்கள் பாட வேண்டியவற்றையெல்லாம் அவரும் பாடினார். சங்கரன்கோவில் திரிபந்தாதியைப் படிப்பதற்கே தனிப் புலமை வேண்டும். ஆயினும் அந்நூல்களைக் கற்றோர் மட்டுமே அறிவர். மக்கள் மறவாதது அவருடைய காவடிச்சிந்து ஒன்றையே.

அது பிறந்த விதம் சுவையானது. ஜமீன்தார் முருகபக்தர், கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் செல்பவர். காவடியோடு நடந்து செல்லும் வழியில் பாடுவதற்கென்றே ரெட்டியார் இச்சிந்துகளை இயற்றினார் என்பர். அதாவது, அரண்மனைக் கூடத்தில் அமர்ந்து கேட்பதற்கோ, அவையில் அரங்கேற்றுவதற்கோ எழுந்த பாட்டன்று. கரிசல் மண்ணின் வெயிலில், தோளில் பாரம் இருக்கையில், கால் தளராமல் இருக்க வேண்டும் என்னும் தேவைக்காக எழுந்த பாட்டு. கழுகுமலையில் குடைவரையில் எழுந்தருளியுள்ள கழுகாசலமூர்த்தியை அதற்கு முன்பே முத்துசுவாமி தீட்சிதர் வடமொழிக் கீர்த்தனையால் பாடியிருந்தார். அக்கீர்த்தனை இசை அறிந்தோர்க்கு அமுதம். எனினும் அதைப் பாடிக்கொண்டே காவடியோடு நடக்க இயலாது. நடப்பவனுக்கு வேறு பாட்டு வேண்டியிருந்தது.

ரெட்டியார் அதற்காகப் புதிதாக ஒன்றைப் படைத்தார் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. வழிநடைச் சிந்தும் நொண்டிச் சிந்தும் அவருக்கு முன்பே மக்கள் வாயில் இருந்தன. ஊத்துக்காடு வேங்கடகவி கண்ணன்மேல் பாடிய பாட்டுகளிலும் காவடிச்சிந்தின் நடை உண்டு. ரெட்டியார் செய்தது, தெருவிலே கேட்ட மெட்டைத் தம் புலமையால் செப்பம் செய்ததாகும். அவர் அடிகளைப் பாடிப் பாருங்கள். எதுகையும் இயைபும் மிக நெருக்கமாக, நாலைந்து சீர்களுக்கு ஒருமுறை வந்து விழும். கால் பெயர்ந்து மண்ணில் படும் இடத்தில் சொல் அழுந்தும். ஓரடி முடியுமிடத்தில் மூச்சு வாங்க இடமிருக்கும். அந்த இடைவெளியில் பின்னால் வரும் கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். பொருளிலோ மலைவளமும் கோயிற் சிறப்பும் மட்டுமின்றி, முருகன்மேல் மையல் கொண்ட பெண்ணொருத்தி தோழியிடம் புலம்பும் அகத்துறைப் பாட்டுகளும் உண்டு. காவடி ஊர்வலத்தில் காதற் பாட்டா என்று அன்று எத்தனை பெரியவர்கள் முகம் சுளித்தார்களோ! இதை எழுதும்போது எங்கள் குழுக் கூட்டம்தான் என் நினைவிற்கு வருகின்றது.

1891இல், முப்பது வயதைக் காணாமலே ரெட்டியார் மறைந்தார். அவர் மறைந்த மறு ஆண்டிலேதான், 1892இல், கே. தம்புசாமிப் பிள்ளையவர்கள் தோற்றுவித்த பத்துமலைத் திருத்தலத்தில் தைப்பூசம் கொண்டாடத் தொடங்கினர் என்பது நம் நாட்டு வரலாறு. இரண்டிற்கும் தொடர்பொன்றும் இல்லை. ஆனால் கழுகுமலைச் சாலையில் பிறந்த நடை, சில பத்தாண்டுகளுக்குள் மலாயாவின் சாலைகளிலும் கேட்கத் தொடங்கியது.

கடல் கடந்த மெட்டு

மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கழுகுமலைப் பக்கத்தவர் அல்லர். திருச்சி, தஞ்சை, சேலம், வடஆர்க்காடு என்று பல சீமைகளிலிருந்து கங்காணிகளால் அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். அவரவர் ஊர்த் தெம்மாங்கும் கும்மியும் ஒப்பாரியும் அவரவரோடு கப்பலேறின. சிந்துப் பாட்டுகள் சிறு சிறு புத்தகங்களாக மலிவு விலையில் அச்சாகிச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்ற காலம் அது. எழுத்தறிந்த ஒருவர் ஒரு புத்தகம் வைத்திருந்தால், எழுத்தறியாத நூறு பேர் அதைக் கேட்டு மனப்பாடம் செய்தனர்.

நம் முன்னோர் இங்கே வந்தபின் பழைய பாட்டை மட்டுமே பாடிக்கொண்டிருந்தனர் என்று எண்ணிவிடக் கூடாது. 1893ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் ரங்கசாமி தாசன் என்பார் குதிரைப் பந்தயத்தைப் பற்றி ஒரு லாவணி பாடி அச்சிட்டார். குதிரைப் பந்தயம் இந்நாட்டுப் புதுமை. லாவணி ஊரிலிருந்து வந்த பழமை. அதே 1893இல்தான் நம் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு, அதாவது இன்றைய தெலுக் இந்தானுக்கு, இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் இரப்பர் விலை ஏறியபோது பத்தாங் பாடாங் வட்டாரமெங்கும் காடு திருத்தப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. தோட்டந்தோறும் மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுந்தது. ஆண்டிற்கு ஒருமுறை திருவிழாவும், திருவிழாவிற்குக் காவடியும் வந்தன. ஈப்போ கல்லுமலைக்குத் தைப்பூசத்திற்குச் செல்ல வசதியற்றவர்கள், தோட்டத்து ஆற்றங்கரையிலிருந்து தோட்டத்துக் கோயிலுக்கே காவடி எடுத்தனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியபின் ஊரிலிருந்து புதிய பாட்டுக்காரர் வருவதும் குறைந்தது. அதன்பின் இங்கேயே பிறந்தவர்கள்தாம் இங்குள்ள காவடிக்குப் பாட்டுக் கட்ட வேண்டியவரானார்கள்.

எங்கள் தோட்டத்து உறுமி

அப்படிக் கட்டியவர் ஒருவரை நான் அறிவேன். தாப்பாவை அடுத்த ஓர் இரப்பர் தோட்டத்தில் நான் பிறந்தேன். அங்கிருந்த தமிழ்ப்பள்ளியில்தான் ஆறாம் ஆண்டு வரை படித்தேன். எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தவரைப் பிள்ளைகள் நாங்கள் பெரியப்பா என்றே அழைப்போம். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டச் செல்வார். மாலையில் உறுமி வாசிப்பார். இது அவருக்குத் தொழிலன்று என்று சொல்ல முடியாது; சுற்றுவட்டாரத் தோட்டங்களில் திருவிழா என்றால் அவரும் அவர் கூட்டாளிகள் நால்வரும் போவர், கூலி பெறுவர். ஆனால் அந்தக் கூலியில் ஒருநாள் அடுப்பெரிந்ததில்லை. பால் வெட்டிய கைதான் வீட்டைக் காத்தது.

உறுமியைப் பார்த்தறியாத இளையோர்க்காக ஒரு சொல். இடை சிறுத்த, இரு முகம் கொண்ட தோற்கருவி அது. ஒரு முகத்தைக் குச்சியால் தட்டுவர். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பர். அத்தேய்ப்பில் எழும் ஒலிதான் உறுமல். நாதஸ்வரத்தின் ஒலி காதில் விழும். உறுமியின் ஒலி வயிற்றில் விழும். அருள் வந்து நிற்பவரை அது அசைக்கும் விதத்தைக் கண்டவர்கள் அறிவர்.

பெரியப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் ஒவ்வொரு திருவிழாவிற்கும் ஒரு புதுப் பாட்டு வைத்திருப்பார். மெட்டு பழையதாக இருக்கும். சொல் அவ்வாண்டினதாக இருக்கும். லயங்களுக்கு மின்சாரம் வந்த ஆண்டில், இனி உன் சந்நிதியில் மண்ணெண்ணெய் விளக்கு வேண்டாம் முருகா என்பதுபோல ஒரு பாட்டுக் கட்டினார். மழை விடாமல் பெய்து பால்வெட்டு நின்று, கூலி இல்லாமற்போன ஆண்டில், வேலனிடம் கணக்குக் கேட்பதுபோல ஒன்று. இவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “நிறையில நடக்கையில வரும்’யா. ஒரு மரத்த வெட்டிட்டு அடுத்த மரத்துக்கு நடக்கணுமில்ல? அந்த அடிக்கு ஒரு அடி” என்றார். அன்று அது வேடிக்கைப் பேச்சாகப் பட்டது. நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு மரங்களுக்கு நடக்கும் ஒருவர், காலின் அடியையும் பாட்டின் அடியையும் ஒன்றாகவே கண்டிருக்கிறார் என்பது, ரெட்டியாரைப் படித்த பிறகே எனக்குப் புலனாயிற்று. சென்னிகுளத்துப் புலவர் காவடியோடு நடந்து கண்டதை, எழுத்தறியாத இவர் பால்வாளியோடு நடந்து கண்டார்.

இனி எழுதப்போவது எனக்கு எளிதன்று. பள்ளியில் என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஆசிரியர் பாராட்டுவது தோட்டத்திற்கே தெரியும். நான் ஆறாம் ஆண்டு படிக்கையில் பெரியப்பா ஒரு பயிற்சிப் புத்தகத்தை வாங்கி வந்து, தம் பாட்டுகளை எழுதி வைக்கும்படி கேட்டார். இரண்டு மாலைகள் உட்கார்ந்து இரண்டு பாட்டுகளை எழுதினேன். பிறகு தேர்வு வந்தது. அதன்பின் இடைநிலைப்பள்ளிக்காகத் தாப்பா நகருக்கு வந்துவிட்டேன். விடுமுறையில் தோட்டத்திற்குப் போகும்போதெல்லாம் அவர் கேட்பார், நாளை என்பேன். அந்தப் புத்தகம் என்ன ஆயிற்று என்பதும் எனக்குத் தெரியவில்லை. தோட்டம் செம்பனைக்கு மாறி, பின் துண்டாடப்பட்டு, லயத்தார் ஊருக்கொருவராகப் பிரிந்தனர். அவர் காலமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவர் பாடிய பாட்டுகளின் பொருள் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு முழு அடிகூட நினைவில் இல்லை. ரெட்டியாருக்கு ஒரு ஜமீன்தார் இருந்தார். அவர் பாட்டு அச்சேறியது. இவருக்கு வாய்த்தவன் நான்.

இம்மாநிலத்திலேயே வளர்ந்த முத்தம்மாள் பழனிசாமி அவர்கள், தாம் கேட்டு வளர்ந்த பாட்டுகளைத் திரட்டி ‘நாட்டுப்புறப் பாடலில் என் பயணம்’ என்னும் நூலாகத் தந்துள்ளார். அந்நூலைக் கையில் எடுத்தபோது மகிழ்ச்சியைவிட நாணமே எனக்கு மிகுந்தது.

கொட்டியவர்க்கு இடம் எது?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். காவடி கோயிலை அடைந்தபின் பந்தியில் இலை போடுவார்கள். உறுமிக்காரர்கள் கோயிலின் பின்புறத்தில், கடைசிப் பந்தி முடிந்த பிறகு உண்பர். அதை யாரும் தவறென்று எண்ணியதாக நினைவில்லை. அவர்களும் குறை சொன்னதில்லை. தோல் தொட்ட கை என்று பாட்டி ஒருமுறை சொன்னது மட்டும் காதில் இருக்கிறது. அதே கை தட்டினால்தான் சுவாமி இறங்குவார் என்பதிலும் பாட்டிக்கு ஐயமில்லை.

இது எங்கள் தோட்டத்திற்கு மட்டும் உரிய குறையன்று. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று போற்றப்பெற்ற திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையே (1898–1956) தம் கலைஞர்களுக்குரிய மரியாதைக்காகப் பலமுறை போராட வேண்டியிருந்தது. மேலாடை அணியாமல், அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலத்தில், அவர் மேலங்கி அணிந்தார், தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டார், மேடையில் அமர்ந்து வாசித்தார். 1947இல் இந்தியா விடுதலை பெற்றபோது டில்லியில் அவர் நாதஸ்வரம் ஒலித்தது. அவருக்கே அந்நிலை என்றால், தோட்டத்து உறுமிக்காரரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஆலயத்தின் பழைய மலர்கள் சிலவற்றை இக்கட்டுரைக்காகப் புரட்டினேன். அரிசி தந்தவர், பந்தல் தந்தவர், பூமாலை தந்தவர் பெயர்களெல்லாம் அச்சாகியுள்ளன. கொட்டியவர், பாடியவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

இன்றைய உறுமி

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வானொலியும் ஒலிநாடாவும் காவடிப் பாட்டைப் பெரிதும் மாற்றின. டி. எம். சௌந்தரராஜன் பாட்டும் பெங்களூர் ரமணி அம்மாள் பாட்டும் ஒலிபெருக்கியில் முழங்கத் தொடங்கியபின், பாட்டுக் கட்டும் பெரியப்பாக்களின் தேவை குறைந்தது. அப்பாட்டுகளின் அருமையை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் வெள்ளிதோறும் அவைதாம். ஆனால் ஒலிநாடா நடப்பவனுக்காகக் காத்திராது. அலகுக் காவடி எடுத்தவர் தள்ளாடி நின்றால் பெரியப்பாவின் உறுமியும் வேகம் தணியும். அவர் மீண்டும் அடியெடுத்து வைக்கும்வரை ஓரடியையே திரும்பத் திரும்பப் பாடுவார். இயந்திரத்திற்கு அந்தக் கண் இல்லை.

அந்தக் கண்ணை மீண்டும் கொண்டுவந்தவர்கள் இன்றைய உறுமிக் குழு இளைஞர்களே என்பதை, சென்ற திருவிழாவன்று நேரில் கண்டேன். எங்கள் எதிர்ப்பை மீறிக் குழு அவர்களுக்கு அனுமதி தந்தது. அவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பும், சற்றுக் குறும்பாகத்தான் என்று நினைக்கிறேன், என்னிடமே ஒப்படைக்கப்பட்டது. விடியற்காலை ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை அவர்களோடு நடந்தேன். ஒரே நிறச் சட்டை அணிந்த ஏழெட்டுப் பேர். ஒருவர் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், ஒருவர் லாரி ஓட்டுகிறார், ஒருவர் இன்னும் மாணவர். அவர்கள் பாடியவற்றுள் சில என் செவிக்கு இன்றும் உவப்பானவையல்ல. சொற்களில் இன்னும் கவனம் வேண்டும் என்பதை அவர்களிடமே சொன்னேன். ஆனால் ஒரு தாய் பால்குடத்தோடு வெயிலில் கால் சுட்டு நின்றபோது, குழுத் தலைவராக இருந்த இளைஞர் பாட்டைச் சட்டென்று மாற்றி, மெல்லிய நடையில் அந்தத் தாயின் காலைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வாசித்தார். கோயில் வாசல் வரை அவர் கண் அந்தக் காலை விட்டு அகலவில்லை.

அன்னதானத்தின்போது அவ்விளைஞரை என் பக்கத்தில் அமரச் செய்து அண்ணாமலை ரெட்டியாரைப் பற்றிச் சொன்னேன். அவர் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. சங்கீத வித்துவான்கள் கச்சேரியின் பிற்பகுதியில் காவடிச்சிந்து பாடுவது வழக்கமாதலால், கைப்பேசியில் ஒரு பதிவைத் தேடி எடுத்துப் போட்டேன். சோற்றில் கை வைத்தபடியே கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், “நல்லா இருக்குண்ணே. ஆனா இது உக்காந்து கேக்குற பாட்டா பாடிட்டாங்க. காவடி எடுத்தவன் இந்த வேகத்துக்கு நின்னுருவான்” என்றார். இலையோரத்தில் இடக்கை விரலால் தட்டி, அதே அடியைச் சற்று இறுக்கி, மூச்சு வாங்கும் இடத்தைத் தள்ளிவைத்துப் பாடிக் காட்டினார். எதிர்ப்பந்தியில் இருந்த அவர் கூட்டாளிகள் இருவர் இலையை விட்டுத் தலைநிமிர்ந்து அடுத்த அடியை வாங்கிப் பாடினர். பிறகு அவர், “எல்லா பாட்டும் இருக்கா, அண்ணே? எழுதித் தர்றீங்களா?” என்று கேட்டார்.

இருபதுக்கு மேற்பட்ட அச்சிந்துகளை இளைஞர்கள் படிக்கும்படி பெரிய எழுத்தில், சீர் பிரித்து, என் கையாலேயே எழுதி முடித்து, திருவிழாக் கொடியேற்றத்திற்கு முதல் வாரம் அவரிடம் சேர்த்துவிட்டேன்.